தாய் இல்லாத நாவல்

இலக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் மனிதகுலம் என்றைக்கோ இருளில் கரைந்து போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே சகலை மேசை விசிறியின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார், மனிதகுலத்தின் மிச்சப் பேர் வியர்த்து வழிந்துகொண்டு தலையாட்டினோம்... ஞாயிறு மதியம் மட்டும் இந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி வகுப்பறை எங்களுக்கு, இந்திய இலக்கிய வாசகர் வட்டத்துக்கு, அவர் தலைக்குப் பின்னால் ஒலி எழுப்பாதீர் என்று ஒரு பலகை இருக்கிறது, தலைவராகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். என் மனைவியின் அக்காள் கணவர் அவர், வீட்டில் எனக்குக் கிடைக்கும் அளவுகோலும் அவர்தான். அத்தான் ரெண்டே நாள்ல முடிச்சிட்டாராம், நீங்க இன்னும் அதையே வச்சிட்டு இருக்கீங்க, என்பாள் மனைவி... ஆமாம், வைத்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு மாசமாக, கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம், போனில் படித்தால் கண் கெடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் ஆயிற்றே, வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த நாவல் கோப்பைத் தாளில் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டு, பென்சில் கோடு கிழித்துக் கிழித்துப் படித்தேன், இன்றைக்கு அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், யார் படிக்கிறவன், யார் பாவ்லா காட்டுகிறவன் என்று.

சகலை நாவலை விரித்து ஒரு பத்தி வாசிக்கிறார், அதாவது வாசிப்பதாகக் காட்டுகிறார், அவர் மூக்கில் இருப்பது நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி, படிப்பதற்கான பாகம் அடியில், விழியைத் தாழ்த்தினால்தான் எழுத்து தெரியும், அவரோ தலையை மொத்தமாகக் குனிந்து மேல் பாகம் வழியாகப் பார்க்கிறார், அப்படிப் பார்த்தால் பக்கம் முழுக்கப் புகைதான் தெரியும், புகையைப் பார்த்து எப்படி ஐயா குரல் தழுதழுக்கிறது? மனப்பாடம். பிறகு சொல்கிறார், இந்த நாவலில் மண்ணின் ஈரம் இருக்கிறது என்று. போன மாசம் படித்தது பாலைவனத்தில் நடக்கிற கதை, அதிலும் மண்ணின் ஈரம் இருந்தது. அதற்கு முந்தின மாசம் முழுக்கக் கப்பலிலேயே போயிற்று, அங்கேயும் எப்படியோ மண்ணைக் கண்டுபிடித்து நனைத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் நாம் படிக்கவில்லை என்று ஆகிவிடுமோ...

அடுத்து மருந்துக்கடைக்காரர் எழுந்தார், எழும்போதே கைக்குட்டை கையில் இருந்தது, அழுகையை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார். அந்தத் தாய், என்றார். புருஷன் ஓடிப்போன பிறகு செங்கல் சூளையைத் தனியாளாக நடத்துகிறாளே, மழையில் பச்சைக் கல் கரையாமல் இருக்கத் தன் புடவைகளையெல்லாம் கொண்டுவந்து போர்த்துகிறாளே, என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். எந்தத் தாய்? நான் என் தாள்களைப் புரட்டினேன், இந்த நாவலில் தாயே கிடையாது, சூளை இருக்கிறது, சூளையைப் பங்கு போட அடித்துக்கொள்ளும் மூன்று அண்ணன்மார் இருக்கிறார்கள், நீதிமன்றம் இருக்கிறது, தாய் என்று பார்த்தால் சுவரில் ஒரு புகைப்படம், அதுவும் ஆணி சாய்ந்து கோணலாக, அவ்வளவுதான். கதை சண்டையின் நடுவில் சடாரென்று தொடங்குகிறது, என்ன துணிச்சல் என்று முதல் பக்கத்தின் ஓரத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். இந்த மனுஷன் பாட்டுக்கு ஒரு தாயைச் செய்து அவளுக்குப் புடவையும் வாங்கிக் கொடுத்து அழுகிறாரே, இவரிடமா நாம் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிறோம்?

சரி, ஒருவர் அளந்துவிட்டார் என்று விடலாம், அடுத்து எழுந்த பல் டாக்டர் அம்மாவும் தாயையே பிடித்துக்கொண்டார்கள், அவள் தாய் மட்டும் இல்லை, ஒரு குறியீடு, என்றார்கள், பல்லைப் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்கிற அதே குரலில். அவள் பேசாத பேச்சையெல்லாம் சொல்லி வியந்தார்கள். சகலை வேறு இடையில் புகுந்து, அந்தப் புடவைக் காட்சி ஒண்ணு போதும்மா, என்கிறார். பார், ஒருவர் விட்ட கதையை அடுத்தவர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார், அறை முழுக்கக் கூட்டு, அந்தத் தாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்களில் ஒருவராவது அண்ணன்மாரின் கடைசித் தங்கை பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? நானும் கல் சுமந்தேன், என் தோளைப் பாருங்க என்று நீதிபதி முன்னால் ரவிக்கைத் தோளை விலக்கிக் காட்டுகிறாளே, அண்ணன்மார் மூன்று பேரும் தரையைப் பார்க்கிறார்களே... அந்தப் பக்கத்தைப் படித்த அன்று கடைக்கு வந்த ஒருவருக்கு வேறொருவரின் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன், அப்படிப் படித்தவன் நான். அந்தப் பெண்ணுக்கு இந்த அறையில் நாதியில்லை. என் பக்கத்தில் இருந்த மனைவியோ அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா சகலை, என்றார் அவர், அந்த ஏதாச்சும்தான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"இந்த நாவல்ல அம்மாவே இல்லீங்க," என்றேன். "சுவத்துல ஒரு படம் இருக்கு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீங்களா சொல்லிக்கிறது."

மாட்டிக்கொண்டார்கள், இப்போது தாய் எந்தப் பக்கத்தில் வருகிறாள் என்று கேட்கவேண்டும், கேட்க வாயைத் திறக்கிறேன், சகலை கண்ணாடியைக் கழற்றினார், கண்ணை மூடினார், மெதுவாகச் சொன்னார்: "இல்லாத தாய்... அடடா. நாமெல்லாம் அவளை இருக்கிறவளா பார்த்தோம். இவர் இல்லாதவளா பார்த்திருக்காரு." பல் டாக்டர் அம்மா முதலில் கை தட்டினார்கள், பிறகு எல்லாரும். மருந்துக்கடைக்காரர் தழுதழுத்துக்கொண்டே வந்து, புடவைக் காட்சியை இந்தக் கண்ணோட்டத்தில் இன்னொரு தடவை பாருங்க என்று தன் பிரதியை என் கையில் திணித்தார். புரட்டினேன். இருந்தாள். எல்லாப் பக்கத்திலும் இருந்தாள், சூளையில், மழையில், புடவைகளோடு. கடைசித் தாளில் உயிரோடு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கோ கிளம்புகிறாள், அதற்குக் கீழே முதல் பாகம் முற்றும், அதற்கும் கீழே பக்க எண் இருநூற்று எண்பத்தெட்டு. என்னுடையது இருநூற்று எண்பத்தொன்பதில் தொடங்குகிறது. அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை எல்லாவற்றையும் யாரோ புண்ணியவான் கழித்துவிட்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன், நம் புத்தகங்களில் அதற்கு அவ்வளவு பக்கம் ஆகக்கூடியதுதான்.

அப்படியானால் குழுவில் வந்தது இரண்டு கோப்பு... அப்படியானால் இவர்கள் யாரும் இரண்டாவதைத் திறக்கவே இல்லை, தங்கையைப் பற்றி ஏன் பேசவில்லை என்றால் தங்கை இவர்களுக்கு இன்னும் பிறக்கவே இல்லை, பாதியைப் படித்துவிட்டு மனிதகுலத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார் சகலை, சொல்லவேண்டும், இந்த நிமிஷமே முகத்துக்கு நேராக, நீங்க பாதிதான் படிச்சிருக்கீங்க என்று... எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. இன்னொரு பாதியை நான்... என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள், மனைவிதான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள். "அத்தானுக்கே தோணலையேங்க இது," என்று காதோரம் சொன்னாள். பிறகு, அவள் நாவலைத் தொட்டதே இல்லை, அதனால் வெட்கப்படாமல் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள்: "சரி, அந்தம்மா எப்படித்தான் செத்தாங்க?"

அறை சகலையைப் பார்த்தது. சகலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது, செத்துவிட்டாளா என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. அவரைக் கவிழ்க்க ஒரு வார்த்தை போதும் எனக்கு. மனைவியின் கை இன்னும் என் சட்டைக் கையில் இருந்தது.

"அதை ஆசிரியர் நம்ம ஊகத்துக்கு விட்டிருக்காரு," என்றேன்.

சகலைதான் முதலில் தலையாட்டினார், அப்புறம் எல்லாரும். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. முதல் பாகத்தை நான் இன்னும் படிக்கவில்லை.