கோப்பில் இல்லாத காயம்

"கொஞ்சம் உங்கட பக்கம் சரியுங்கோ, தம்பி," என்றார் அரியரத்தினம்.

தவராசா தன் தம்பியின் உடம்பை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். சட்டைக் கையை மாட்டுவதற்காகத் துணியை விலக்கியதும் ஜெகதீசனின் முதுகு தெரிந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை, இரும்பைக் காய்ச்சி இழுத்த தழும்புகள்.

அரியரத்தினத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சட்டையை மாட்டினார்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய டூங்காபியில் எங்கள் ஆட்கள் யார் செத்தாலும், பிரேதத்தை வைத்திருக்கும் மலர்ச்சாலைக்கு முதலில் வந்து உடுப்புப் போட்டுவிடுகிறவர் அவர்தான். தவராசா இன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்துவிட்டார். வேறு எவர் வந்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜெகதீசனின் அகதி விசா விசாரணையில் மொழிபெயர்த்தவர் இவர். அதற்கு முதல்நாள் தவராசா தம்பியை இருத்திவைத்துச் சொன்னான்: "அங்க மொழிபெயர்க்க வாறவனும் எங்கட ஆள்தான். ஆமி முகாமில உனக்கு நடந்ததைச் சொன்னியெண்டால் வெள்ளிக்கிழமை கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். உனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. அடிச்சவங்கள் எண்டு மட்டும் சொல்லு, காணும்."

ஜெகதீசன் அண்ணன் பேச்சைத் தட்டாதவன். அடித்தார்கள் என்று மட்டும் சொன்னான். கொளுத்தும் வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டுகிறவன், அன்றைக்கும் அப்படியே இருந்துவிட்டு வந்தான். விசா மறுக்கப்பட்டது. மீளாய்வுக்குப் போனபோது வக்கீல் அம்மா முழுவதையும் கேட்டு எழுதி, தழும்புகளைப் படமெடுத்து அனுப்பினார். மீளாய்வு செய்தவர்கள் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய கோப்பை வைத்துத்தான் முடிவு, அன்றே சொல்லியிருக்கக்கூடியதை இன்று புதிதாக ஏற்பதற்கில்லை என்று கடிதம் வந்தது. நீதிமன்றமோ சட்டத்தின்படி நடந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தது. சட்டத்தின்படிதான் நடந்திருந்தார்கள். அதன் பிறகு தற்காலிக விசாவில் இழுபட்டு, போன செவ்வாய்க்கிழமை வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"ஐயா," என்றான் தவராசா. "அண்டைக்கு அவன் ஏதும் சொல்ல வெளிக்கிட்டவனோ?"

"அந்த அறையில கேட்டதை நான் வெளியில கதைக்கிறேல்ல, தம்பி."

"அவன்தான் செத்துப்போனானே."

"செத்தாலும் அப்பிடித்தான். நான் ஆருக்கு மொழிபெயர்க்கப் போறனெண்டு என்ர மனிசிக்கே தெரியாது. முப்பது வருசமா."

அவர் பெருமைக்குச் சொல்லவில்லை; வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். தவராசாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. இந்த மனிதரின் வாய்க்குப் பயந்துதான் அவன் தம்பியின் வாயை அடைத்தான்.

கைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து ஜெகதீசனின் மனைவி வதனி. திரையில் அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"முகத்தைக் காட்டுங்கோ, அண்ணை."

காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். விசாரணையில ஒழுங்காச் சொல்லியிருந்தால் விசா கிடைச்சு எங்களையும் கூப்பிட்டிருக்கலாமெண்டு எத்தினை தரம் அவரை ஏசியிருப்பன். அதுக்கு அவர், ஒண்டையும் மறைக்காதை எண்டு அண்ணை சொல்லித்தான் விட்டவர், நான் முதல் விசாரணையிலயே எல்லாம் சொன்னனான், முதுகையும் காட்டினனான், அவங்கள்தான் நம்பேல்ல எண்டுவார். உண்மையோ?"

அரியரத்தினம் குனிந்து ஜெகதீசனின் நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஓம், வதனி," என்றான் தவராசா. "எல்லாம் சொன்னவன்."

"நீங்கள் அவருக்குச் செய்ததை நானும் பிள்ளையளும் மறக்கமாட்டம், அண்ணை."

திரை அணைந்தது. தவராசா கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தம்பியின் சட்டையைப் பூட்டத் தொடங்கினான். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக வந்தான். கழுத்துப் பொத்தான் மட்டும் துளைக்குள் போக மறுத்தது. இரண்டு தரம், மூன்று தரம் முயன்றான்.

அரியரத்தினம் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையை மெல்ல விலக்கினார். பொத்தானைத் தானே பூட்டிவிட்டு, சால்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.