பிரம்பு முற்றும் வரையில்

தண்டாயுதபாணி எதனையும் பருவம் வருமுன் தொடாதவர். வாழைத்தார் தானே பழுக்கும்வரை காத்திருப்பார். நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகையிலும் அவரிடம் அவசரம் இராது. காலையில் எழுந்ததும் கொல்லைப்புறப் பொடக்காளியில் நிற்கும் பிரம்புக்கொடிக்கு நீர் ஊற்றிய பின்னரே முகம் கழுவுவார். அன்றும் குடத்தைக் கையில் எடுத்த பிறகுதான், உள்ளே மனைவி கண்ணம்மாள் இறந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. குடத்தைக் கீழே வைத்தார்.

வால்பாறை உறவினர் வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பழத்தின் வித்தில் வளர்ந்தது அந்தப் பிரம்பு. சதையைக் கழுவி நீக்கி, வித்து உலருமுன் ஈரமணலில் புதைத்தார். முளைத்தது ஒன்றே. குளிக்கும் நீர் பாயுமிடத்தில், புங்கமர நிழலில் நட்டார். சில ஆண்டுகள் தரையோடு கிடந்த கன்று, பின்பு கொக்கி முட்களால் கிளைகளைப் பற்றி உச்சிவரை ஏறிற்று. காயப்போட்ட சேலைகளை அது கிழிப்பதால் கண்ணம்மாள் அதனை, "உங்க சின்ன ஊட்டுக்காரி" என்பாள்.

அவளுக்கு நெஞ்சுநோய் கண்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் முதுகைச் சாய்த்தே உறங்கினாள். அந்தப் பிரம்பை வெட்டிச் சாய்வு நாற்காலி பின்னித் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

"ஏனுங், எப்பத்தானுங்க வெட்டுவீங்க?"

"இன்னும் முத்துலியே கண்ணு. பிஞ்சுல வெட்டுனா காஞ்சு சுருங்கிப் போயிரும். இந்த மழை போகட்டும்."

"அதுக்குள்ள நான் முத்திப் போயிருவேன், போங்க." அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த மழை போயிற்று. அடுத்த மழையும் போயிற்று. கடையில் ஒரு நாற்காலி வாங்கலாமே என்று அவளுடைய அண்ணன் அப்புசாமி கூறியபோதும், "நம்மூட்டுப் பிரம்பே இருக்குதுங்களே" என்றுவிட்டார்.

அப்புசாமிதான் இப்போது வாசலிலிருந்து வந்தார்.

"மாப்ளே, பாடை கட்டியாச்சுங்க. தூக்கிப் படுக்க வெச்சரலாங்களா?"

தண்டாயுதபாணி வாசலுக்குச் சென்று பார்த்தார். பச்சை மூங்கில்மேல் தென்னங்கீற்று ஒரே மட்டமாகப் பரப்பியிருந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு பொடக்காளிக்குத் திரும்பினார்.

பிரம்பின் அடித்தண்டை மூடியிருந்த முள்ளுறை ஒன்று காய்ந்து தொங்கிற்று. விரல் பட்டதும் கழன்று விழுந்தது. உள்ளே தண்டு கரும்பச்சையாக மின்னியது. நகத்தை அழுத்தினார், பதியவில்லை; முற்றியிருந்தது. காலடியில் முன்னரே உதிர்ந்த உறைகள் மக்கிக் கிடந்தன. நாள்தோறும் அவற்றின்மீதுதான் அவர் நீர் ஊற்றியிருக்கிறார்.

முட்கள் கிழித்துக் கையில் இரத்தம் கசிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அப்புசாமி பின்னாலேயே வந்து நின்றார். "நேரமாகுதுங் மாப்ளே. சனமெல்லாம் காத்துட்டு நிக்குது."

"நிக்கட்டுங் மச்சான்."

அடித்தண்டில் அரிவாளை வைத்தார்.

"படுத்தா அவளுக்கு மூச்சு முட்டுமுங்க. இதை வளைச்சுத் தலைமாட்டுல ஒரு சாய்வு கட்டிப்போடறேன். பொறவு எடுத்துக்கலாம்."