தொட்டிக் குழுவில் ஒன்பது பேர்

பிசியோதெரபி அறையில் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டு அண்ணியும் நாத்தனாரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி தருபவள். நாத்தனாருக்குப் புள்ளியியல் வேலை. முப்பது வயதிலும் வீட்டில் அவள் பெயர் ‘வாலு’தான்.

நான்கு மணிக்குள் இயக்குநருக்கு அறிக்கை போகவேண்டும். வெந்நீர்த் தொட்டிக்குள் செய்யும் பயிற்சி, தரையிலும் நாற்காலியிலும் செய்வதைவிட நல்லது என்று காட்டினால் தொட்டி தப்பும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஸ்கேன் மெஷின் வந்துவிடும். மூன்று வருடம் சண்டை போட்டு அண்ணி வாங்கிய தொட்டி அது.

அறுபது பேரைச் சீட்டுக் குலுக்கி தரை, நாற்காலி, தொட்டி என்று இருபது இருபதாகப் பிரித்திருந்தாள். எட்டு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் மூன்று அளவுகள்: வலி, முழங்கால் மடங்கும் கோணம், பத்துப் படி ஏற ஆகும் நேரம்.

“மூணையும் தனித்தனியா பார்த்தா போதாதா?”

“மூணு தடவை சோதிச்சா, தற்செயலா ஒண்ணு தேறி நம்மள ஏமாத்த மூணு வாய்ப்பு அண்ணி. அதோட மூணும் ஒட்டிக்கிட்டே நகருது. வலி குறைஞ்சா காலும் மடங்கும்ல? மேனோவாங்கற சோதனை மூணையும் ஒரே தடவையில சேர்த்துப் பார்க்கும்.”

திரையில் மேல் பெட்டிக்கு மூன்று அளவுகளையும் கீழ்ப் பெட்டிக்குப் பயிற்சிக் குழுவையும் நகர்த்திவிட்டு வாலு ஓகே அழுத்தினாள். அட்டவணைகள் சரசரவென்று இறங்கின. வில்க்ஸ் லாம்டா என்ற வரியின் கோடியில் 0.03. பயிற்சிகளுக்குள் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவு இடைவெளி தற்செயலாக வர நூற்றில் மூன்று வாய்ப்புதான். சராசரிகளில் தொட்டிக் குழுவே முன்னால் நின்றது.

“அடி சக்கை!”

“எங்கண்ணனைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட இப்படிச் சிரிக்கலையே!”

“அன்னிக்கு ரிசல்ட் தெரியலையேடி.”

அச்செடுக்கத் திரையை மேலே நகர்த்தியபோதுதான் அண்ணி முதல் அட்டவணையைப் பார்த்தாள். தரை 19, நாற்காலி 18, தொட்டி 11.

“இருபது பேராச்சே! மீதி ஒன்பது பேர் எங்க?”

வாலுவின் முகம் சுருங்கியது. மேனோவாவுக்கு ஒருவரின் எல்லா அளவும் வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் அந்த ஆளையே சத்தமில்லாமல் விட்டுவிடும். தரவுத் தாளைத் திறந்தாள். ஒன்பது பேருக்கும் படி நேரம் காலி.

“ஏன் போடல?”

“ஏறவே முடியாதவங்களுக்கு என்ன நேரம்டி போடுறது?”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. தேறாதவர்களைக் கழித்துவிட்டுத்தான் தொட்டி ஜெயித்திருந்தது. படி நேரத்தை நீக்கி, அறுபது பேரையும் வைத்து வாலு மறுபடி ஓட்டினாள். 0.41. நூற்றில் நாற்பத்தொரு வாய்ப்பு; வித்தியாசம் இருக்கிறது என்று இனி சொல்ல முடியாது.

மணி மூன்றே முக்கால்.

“மொதல்ல வந்ததையே குடுத்துட்டா?” அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

“யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்க.” வாலு அவள் தோளில் கை வைத்தாள். “ஆனா நான் அதுதான் சரின்னு சொல்லமாட்டேன் அண்ணி.”

அண்ணி காலிக் கட்டங்களின் மேல் விரலை வைத்தாள். “இவர் டெய்லர். இந்தம்மா டீச்சர். எட்டு வாரம் ஒருநாள் விடாம வந்தாங்க. வராத மாதிரி நான் எழுதறதா?”

அறுபது பேரின் முடிவையே அனுப்பினாள். கீழே ஒரு வரி: தொட்டிக் குழுவில் ஒன்பது பேராலும், மற்ற இரண்டிலும் சேர்த்து மூவராலும் படியேற முடியவில்லை.

“தொட்டி போச்சு,” என்றாள்.

“போச்சு அண்ணி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி போனை எடுத்தாள். “டெய்லரண்ணே, நாளைக்குக் காலைல வர்றீங்களா? தண்ணி வேணாம், தரையில ஆரம்பிச்சுப் பார்ப்போம்.”

வாலு அதற்குள் டீச்சரம்மாவின் எண்ணைத் தேடி எடுத்திருந்தாள்.