சிங்கத்துக்குப் பதில் பிள்ளை

இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் சிற்பி கமில்லாவிடம் ஒரு வக்கீல், சிங்கத்தைக் கொல்லும் புராண வீரன் ஹெர்குலிஸைச் சுடுமண் பலகையில் புடைப்புச் சிற்பமாகக் கேட்டிருந்தார். அதற்கு மாதிரியாக நின்று காட்ட வந்தவன் சுமைகூலி பெட்ரோனியோ. ஊரிலேயே பெரிய தோள் அவனுக்குத்தான்.

அவன் மனைவி ஒர்சோலா பிரசவக் காய்ச்சலில் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்த குழந்தை தெக்லாவைக் கூடையில் வைத்துக் கொண்டுவருவான். ஆனால் தொடமாட்டான். ஒருநாள் பட்டறையில் குழந்தை வீறிட்டு அழுதது. அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

"தூக்குப்பா. என் கையெல்லாம் களிமண்."

"வேணாம்மா. முன்னாடி பிறந்த பையன் என் கையிலதான் போனான்."

"காய்ச்சல்ல போனான். உன் கையால போகல."

அவன் அசையவில்லை. கமில்லா சற்று யோசித்தாள். கம்பியை எடுத்துப் பலகையிலிருந்த சிங்கத்தை வழித்துப் போட்டாள்.

"காட்டுல மான் பால் குடிச்சு வளர்ந்த தன் பிள்ளையை ஹெர்குலிஸ் கண்டெடுப்பான். அதைத்தான் செய்யப்போறேன். வேலைன்னு நெனச்சுத் தூக்கு."

"வக்கீல் சிங்கம்ல கேட்டாரு?"

"தோளுல அதோட தோல் தொங்கும். போதும்."

வேலை என்றதும் குனிந்து தூக்கினான். தெக்லா அவன் தாடியைப் பிடித்து இழுத்து, விக்கி, அடங்கினாள். அவன் மூச்சுவிடவே பயந்து நின்றான். அந்தப் பயத்தையும் சேர்த்தே கமில்லா விரலால் மண்ணில் அழுத்தினாள்.

சூளையிலிருந்து பலகை விரிசலில்லாமல் சிவந்து வந்தது. வக்கீல் பார்த்துவிட்டு, "வீரன் தாலாட்டுப் பாடறானா?" என்றார். அவருக்கு வேறு பலகையில் சிங்கம் செய்து தர ஒப்புக்கொண்டு, இதைக் கமில்லா தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தணிந்ததும் ஒர்சோலா, கணவன் நின்றுகொண்டிருந்த பட்டறைக்குக் குழந்தையோடு மெல்ல நடந்து வந்தாள். சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"இது உன் கைதானே? வீட்டுல இவளைத் தொடவே மாட்டேங்கறியேன்னு நான் படுத்துக்கிட்டு அழுதேன்."

"அது வேலைக்குத் தூக்கினது" என்றான் பெட்ரோனியோ தரையைப் பார்த்தபடி.

"எனக்குக் கை வலிக்குது. கொஞ்சம் வாங்கிக்க."

அவன் கமில்லாவைப் பார்த்தான். அவள் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டான்.

வளைவு மண்டபத் தெருவில் வீடு திரும்பும்போது ஒர்சோலா தூணுக்குத் தூண் நின்று மூச்சு வாங்கினாள். அவனும் நின்றான். அவள் கேட்காமலே, தூண்களுக்கிடையே விழும் வெயில் தெக்லாவின் முகத்தில் படாமல் தொப்பியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.