ஷர்மினிக்கு எழுதிய பதில்

…அதுவும் 'அப்படி இல்லமா' என்று, அந்த 'மா'வை எங்கிருந்து பிடித்தான், நேற்று வரைக்கும் 'சிஸ்டர்' என்றுதானே எழுதிக்கொண்டிருந்தான், சிஸ்டர் எப்போது மா ஆனாள்… வீட்டுக்குப் போகப் பட்டர்வொர்த் படகுத்துறையில் ஃபெரி ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்த பிறகும் கிளாரிஸ் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாக் மண்டின் தொழிற்சாலை அலுவலகத்தில் பகலெல்லாம் மேசைக்கடியில் ஒளித்து ஒளித்துப் பார்த்த அதே முகநூல் பக்கம், தண்ணீர்மலை வட்டாரக் குழு, அதில் தன் புருஷன் டேரனும் ஷர்மினி என்கிற ஒருத்தியும் போடுகிற சண்டை. சண்டைதான், கொஞ்சல் இல்லை. சண்டை போடுகிறவர்களைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? எரிகிறதே, என்ன செய்ய. வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் 'ம்', இரண்டு கேட்டால் 'ஓகே லா', மூன்றாவது கேட்பதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிற மனுஷன், இவளுக்கு மட்டும் பத்தி பத்தியாக, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, தப்பாகப் போனதைத் திரும்ப வந்து திருத்தி… நேற்று மீன் குழம்பு ஆறியே போனது, கட்டைவிரல் மட்டும் ஓயவில்லை. பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பதில் எழுத வேண்டும் என்று அவனுக்கு என்றைக்காவது தோன்றியிருக்குமா?

தொடங்கியது ஒன்றுமில்லாத இடத்தில். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் வேண்டும் என்று ஷர்மினி போன வருஷப் படத்தைப் போட்டிருந்தாள், ரோஸ் சிரப் அண்டாவும் ஆளுயர ஸ்பீக்கர்களும் தெரிகிற படம். கீழே டேரன், இந்த வருஷம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டான். அவள் அவன் பக்கத்துக்குள் போய்ப் படத்தைப் பார்த்திருப்பாள், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பான், பிரதர் நீங்க எந்தக் கோயிலுக்குப் போறவங்க என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். அதற்கு அவன், எங்கம்மாவே வருஷா வருஷம் உங்கள் பந்தலுக்கு சிரப் பாட்டில் தந்தவங்க என்றான். அவள் நகராண்மைக் கழக அனுமதியைப் பற்றி எழுதினாள். அவன் ஸ்பீக்கரை அடுக்குமாடி பக்கம் திருப்பாதீர்கள் என்றான். எங்கள் சாமியைக் கும்பிட யாரிடம் கேட்க வேண்டும் என்றாள். அட, அவன் எங்கே சாமியைச் சொன்னான்? பந்தலைப் பற்றி யாரோ பெயர் போடாமல் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களாம், அந்தக் கோபம் முழுக்க டேரன் தலையில் இறங்குகிறது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை, அவள் சொல்வதைப் படித்தானோ இல்லையோ, சத்தம் சத்தம் என்று சொன்னதையே சொல்கிறான். அவள் படத்தைக் கிளாரிஸும் திறந்து பார்த்தாயிற்று. மஞ்சள் சேலை, மல்லிகை, வங்கி வேலை. முடி வேறு இடுப்பு வரைக்கும், இருக்கட்டும், விழாமலா போகும்.

இதை ஒரே வரியில் முடித்து வைக்கத் தன்னால் முடியும், அது கிளாரிஸுக்குத் தெரியும். போன தைப்பூசத்தன்று, தேர் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அவன் அம்மா, அவள் மாமியார் அமலம்மாள், பந்தலைப் பார்த்திருக்கிற அவர்கள் அடுக்குமாடி வீட்டுக் கட்டிலில் இறந்துபோனார். அதை எழுதினால் ஷர்மினி அடங்கிவிடுவாள். பாதி எழுதியும் விட்டாள், பிறகு அழித்தாள். அடங்கினால் வருத்தப்படுவாள், வருத்தப்பட்டால் மன்னிப்புக் கேட்பாள், இவன் பரவாயில்லமா என்பான், அப்புறம் தினம் குட் மார்னிங் வரும், கிறிஸ்துமஸுக்கு முறுக்கு வரும், வேண்டாம் தாயே, சண்டையே போடுங்கள்… என்ன புத்தி இது? செத்துப்போனவரை வைத்துக்கூட இப்படிக் கணக்குப் போடுகிற மனசு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழித்ததைத் திரும்ப எழுதவில்லை.

ஃபெரி நகர்ந்தது, எஞ்சின் இரைச்சலில் இருக்கையே அதிர்ந்தது. கைப்பேசியில் மணி அடித்தது, டேரன் குழுவில் ஷர்மினிக்கு எழுதியிருந்தான்.

'உங்க மேல கோவம் இல்லமா. போன தைப்பூசத்தன்னிக்கு எங்கம்மா என் கைய புடிச்சி என்னமோ சொன்னாங்க. பந்தல்ல உறுமி அடிச்சாங்க, எனக்குக் கேக்கல. என்னாம்மா என்னாம்மான்னு கேட்டேன், மறுபடியும் சொன்னாங்க, அதுவும் கேக்கல. அதோட போய்ட்டாங்க. அவ்வளவுதான்.'

படித்தாள், திரும்பவும் படித்தாள். இது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் அடுத்த அறையில், செபமாலை சொல்ல வந்த பெண்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள், உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னாள், அவனும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். ஒரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே தட்டில் பப்பாளி தின்றுகொண்டு, இதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, முகம் தெரியாத ஒருத்திக்கு, ஊரே படிக்கிற இடத்தில்… அழ வேண்டிய இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல். அதற்குள் ஷர்மினியின் பதில்.

'அண்ணே, அம்மா உங்கள என்னா சொல்லி கூப்புடுவாங்க?'

என்ன கேள்வி கேட்கிறாள் பார், என்று கோபம் பொங்கியது. பொங்கின வேகத்தில் அடங்கியும் போனது, ஏனென்றால் நல்ல கேள்வி. சின்னத்தம்பி என்று கூப்பிடுவார், அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள், ஆனால் அவர் போன பிறகு அந்தப் பெயரை வீட்டில் யார் சொன்னார்கள்? அவன் பதில் எழுதுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று அழைத்தாள். உடனே எடுத்தான், கையிலேதான் வைத்திருந்திருப்பான்.

'என்னா, கிளாரிஸ்?'

சின்னத்தம்பி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். 'மீ கோரேங் தாப்பாவ் பண்ணிட்டு வரட்டா?' என்று வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தைப் பற்றித்தான் வந்தது.

'உன் இஷ்டம்.'

வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. எஞ்சின் இரைந்தது, அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை, காதோடு அழுத்திக்கொண்டாள்… அப்போதுதான், அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், மலை போலக் கிடந்த தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் அவன் வந்து நின்றது ஞாபகம் வந்தது. 'அன்னிக்கு சத்தம் ரொம்ப அதிகமா இருந்துச்சுல்ல, கிளாரிஸ்?' என்றான். கை நிறைய சோப்பு, இடுப்பு வலி, திரும்பாமலேயே சொன்னாள், ஒரு நாள் கூத்துதானே டேரன், விடு லா என்று. சத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்தாள். ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டான். ஷர்மினி எத்தனை வேகமாகத் திட்டினாலும் அவனைப் பேச விட்டாள். இவள் திட்டவே இல்லை, பேசவும் விடவில்லை. அப்படியென்றால் முதலில் யாரிடம் வந்திருக்கிறான்…

'லைன்ல இருக்கியா?' என்றான்.

'இருக்கேன்,' என்றாள். எஞ்சின் இரைச்சலில் அவன் சொல்வது தப்பிவிடக் கூடாதென்று மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.