யோசனையின் இடது காது

என் வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றி என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். சமையல் சுமார், வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவருடைய நாயைப் பற்றி மட்டும் அரை வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அத்தோடு அவர்களோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

நாங்கள் ஆடு மேய்க்கும் ஜாதி நாய்களை வளர்க்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை அடித்த கூண்டுகள், அதைத் தாண்டி மேய்ச்சல் நிலம், பழக்குவதற்கென்று ஒரு சின்ன மந்தை. எங்கள் குட்டிகள் சோபாவில் படுக்கப் போவதில்லை. பண்ணைக்குப் போய் மந்தையை வளைத்து, மடக்கி, பட்டியில் சேர்க்கும். விசில் சத்தம்தான் அவற்றுக்கு மொழி.

இவருடைய நாய்க்கு யோசனை என்று பெயர் வந்ததே விசிலால்தான். விசில் அடித்தவுடன் மற்ற நாய்கள் பாய்ந்துவிடும். இவன் ஒரு கணம் நிற்பான். தலையை இந்தப் பக்கம் திருப்புவான், அந்தப் பக்கம் திருப்புவான், அப்புறம்தான் கிளம்புவான். கிளம்பிவிட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை. "பாத்தியா? எடுத்தோம் கவிழ்த்தோம்னு ஓட மாட்டான். யோசிச்சுட்டுத்தான் காலெடுத்து வைப்பான்" என்று இவர் மார்தட்டிக்கொள்வார். நானும்தான் மெச்சினேன். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பட்சி சொன்னது என்றெல்லாம் கதை விட மாட்டேன்.

ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி சொன்னார். அவரும் எங்களைப் போல இதே ஜாதியை வளர்ப்பவர், எங்கள் சாலையின் அந்தக் கோடியில் குடியிருப்பவர். எல்லோரும் மீசைக்காரர் என்பார்கள். மீசையை வழித்துப் பல வருடம் ஆகிவிட்டது, பெயரை வழிக்க முடியவில்லை. மந்தை ஓட்டும் போட்டி ஒன்றில் யோசனை தலையைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, "என்ன தம்பி, உங்க நாய் திருதிருன்னு முழிக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். யோசிப்பதைப் போய் முழிப்பது என்கிறானே என்று இவர் வீட்டுக்கு வந்தும் பொருமித் தீர்த்தார். அன்றிலிருந்து மீசைக்காரரின் வண்டி எதிரே வந்தால் இவர் ஜன்னலை ஏற்றிவிடுவார்.

இந்த நிலையில்தான் எங்கள் பெட்டை மிளகு பருவத்துக்கு வரும் நாள் நெருங்கியது. கறுப்புப் புள்ளி போட்ட உடம்பு, தங்கமான குணம். ஒரு ஈத்து போட்டுவிட்டாள். இன்னொன்றோடு அவளுக்கு ஓய்வு. ஒரு பெட்டையைக் குட்டி போடும் இயந்திரமாக நடத்த நான் விட மாட்டேன். அந்தக் கடைசி ஈத்து யோசனைக்குப் பிறக்க வேண்டும் என்பது இவருடைய வெகுநாள் ஆசை. அவனுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. "இவன் போறதுக்குள்ள இவன் ரத்தத்துல ஒரு குட்டி என் கையில இருக்கணும்" என்பார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குட்டி இவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் பரிசோதனை. அது என் சட்டம். இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாயிற்று. இரண்டிலும் யோசனை தேறிவிட்டான். காதுக்கு மட்டும் நாங்கள் கையாண்டது பழைய வித்தை: குட்டிகளுக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டுவோம். எல்லாம் துள்ளித் திரும்பினால் சரி. இப்போது கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு கருவி வந்திருந்தது.

"என் விசிலுக்கு வர்ற நாய்க்குக் காது கேக்குமான்னு டெஸ்டா? நல்லா இருக்கும்மா நியாயம்" என்று இவர் சிரித்தார்.

"கேக்குதுன்னு அந்த மெஷின் எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் சிரிங்க" என்றேன்.

டாக்டரம்மா யோசனைக்கு லேசாக மயக்கம் கொடுத்து, தலைத் தோலுக்கடியில் மெல்லிய ஊசிகளைச் செருகி, காதுகளில் சின்ன அடைப்பான்களை வைத்தார். டிக் டிக் என்ற சத்தம் காதுக்குள் போகும். காது கேட்டால் திரையில் கோடு மேடும் பள்ளமுமாக எழும். வலது காதுக்குக் குன்று குன்றாக எழுந்தது. இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்து இடது காது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஒயர் கழண்டிருக்கும்" என்றார் இவர்.

டாக்டரம்மா ஒயரை மாற்றினார், ஊசியை மாற்றினார், அடைப்பானை மாற்றினார். கோடு அசையவில்லை.

"இடது காது சுத்தமா கேக்கலைங்க. பாக்குறதுக்குக் காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, சீழ், காயம் எதுவும் இல்ல. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கணும். ஒரு காதாலயே வீட்டுல சமாளிச்சுக்கும். ஆனா சத்தம் எந்தத் திசையிலேருந்து வருதுன்னு அதுக்குப் புடிபடாது. கூப்பிட்டா நின்னு, தலையத் திருப்பித் திருப்பித் தேடும். நீங்க கவனிச்சிருப்பீங்களே?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கரண்டிச் சத்தத்துக்குத் துள்ளியதும் ஒரு காதின் புண்ணியம்தான். மற்ற குட்டிகளைப் பார்த்துக்கூடத் துள்ளியிருக்கலாம்.

"வேலை செய்யட்டும், நல்லா இருக்கட்டும். இனவிருத்திக்கு மட்டும் வேணாம். இந்த ஜாதியில இது வழிவழியா வர்ற கோளாறு. குட்டிங்கள்ல சிலது முழுச் செவிடாவே பொறக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்தபோது என் தம்பி அடுப்படியில் உட்கார்ந்து தானே காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெரிய ஆட்டுப் பண்ணை. அவனுடைய நாய் கிழடு தட்டிவிட்டதால் இந்த ஈத்தில் முதல் குட்டி எனக்கு என்று துண்டு போட்டு வைத்திருந்தான். சேதியைக் கேட்டதும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இதுக்குப் போயா ரெண்டு பேரும் முகத்தத் தொங்கப் போட்டுருக்கீங்க? எனக்கு ரெண்டு காதும் கேக்குது, என் பொண்டாட்டி சொல்றது ஒன்னாவது ஏறுதா? சேத்து விடு மாமா. யாரு கேக்கப் போறா?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கோபத்தில் இன்னும் சத்தமாகவே கத்தினேன்.

"செவிட்டுக் குட்டி உன் தலையில விழட்டும், அப்பத் தெரியும். டிராக்டர் ரிவர்ஸ்ல வரும். நீ தொண்ட கிழியக் கத்துவ. அது பாட்டுக்குப் படுத்திருக்கும். அப்புறம் யார்கிட்ட வந்து அழுவ?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கண்ணெதிரே ஒரு டிராக்டரைப் பார்த்துவிட்டவனைப் போல, "சரிக்கா, சரிக்கா" என்று எழுந்து போய்விட்டான்.

இவர் பின்பக்கக் கதவைத் திறந்து மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். மயக்கம் தெளிந்த யோசனையும் பின்னாலேயே போனான். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. மந்தையை வெளியே விடவில்லையே, எதற்கு விசில் என்று நானும் போனேன்.

இவர் ஒரு புதருக்குப் பின்னால் மறைந்து நின்று விசில் அடித்தார். தூரத்தில் யோசனை நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். புதரை விட்டு இவர் வெளியே வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். இவர் மறுபடி வேறு இடத்தில் போய் ஒளிந்துகொண்டார். மறுபடியும் அதே கதை. எத்தனை தரம் செய்தார் என்று எண்ணவில்லை, பார்க்கச் சகிக்காமல் நானே போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத் தேடிட்டு இருந்திருக்கான்மா" என்றார். "நான் நின்னு ரசிச்சுட்டு இருந்திருக்கேன்."

கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து யோசனை நடுவில் மூக்கை நுழைத்தான்.

"ஒன்னு செய்யலாமா? குட்டி அத்தனையும் டெஸ்ட் பண்ணிட்டு, கேக்குறத மட்டும் பண்ணைக்குக் குடுக்கலாம்ல?" என்று கேட்டார். கெஞ்சல்தான் அது. இவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியவர் இல்லை.

"கேக்காதத?"

"நாமளே வச்சுக்குவோம்."

"சரி. கேக்குற குட்டிங்க மட்டும் இதச் சுமக்காதா? அதுங்க போடுற குட்டி யார் வீட்டுல செவிடாப் பொறக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனிதர் இந்த நிமிடமே சிரிப்பார். அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும். அன்று முழுக்க வீட்டில் பாத்திரம்தான் பேசியது.

மறுநாள் காலையில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் சட்டை மாற்றி, வண்டிச் சாவியோடு வந்து நின்றார். மிளகின் எக்ஸ்ரேயும் மற்ற சான்றிதழ்களும் கையில் இருந்தன.

"கிளம்பு. மீசைக்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துருவோம்."

கையிலிருந்த குழாய் நழுவி என் புடவையை நனைத்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் காது வரைக்கும் பரிசோதித்து வைத்திருந்த ஆண் நாய், பெரியவன், அவரிடம்தான் இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது, சண்டித்தனம் இல்லாமல் நாள் முழுக்க வேலை பார்க்கும். பெட்டையைக் கொண்டுபோகும் முன் ஆண் நாய்க்காரரின் வாசலுக்குப் போய்ச் சம்மதம் கேட்பது எங்கள் தொழிலில் மரியாதை. அந்த வாசலுக்கு இவர் போவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கே போனாலும் ஏறிக்கொள்ளும் யோசனை அன்றும் வண்டியில் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் நான் என் நீளமான வாயைச் சுருட்டி வைத்திருந்தேன்.

மீசைக்காரர் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே எங்களைப் பார்த்தார். பார்த்த பார்வையில் அப்படியொரு ஆச்சரியம். இவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, எங்க மிளகுக்கு உங்க பெரியவன் வேணும். ரிப்போர்ட் எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

மீசைக்காரர் கதவைத் திறக்கவில்லை. குத்தலாகக் கேட்கவும் இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

"உங்க வீட்டுலயே இவன் இருக்கானே தம்பி? இவன விட்டுட்டு ஏன் இங்க?"

இவர் பக்கத்தில் யோசனை நாக்கைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தான். இவர் குனிந்து அவன் தலையைத் தன் தொடையோடு அணைத்துக்கொண்டார். தடவிக் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையால் அவனுடைய வலது காதைப் பொத்தினார். நன்றாக அழுத்திப் பொத்திக்கொண்டு, அதற்கப்புறம் சொன்னார்.

"இவனுக்கு இடது காது கேக்காதுண்ணே. பொறவியிலேயே கோளாறு. இவன் ரத்தம் வேணாம்."

மீசைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். தாழ்ப்பாளை நீக்கினார்.

"உள்ள வாங்க தம்பி. அவனையும் கூட்டிட்டு வாங்க."

கதவு முழுக்கத் திறக்கும் வரை இவர் அந்தக் கையை எடுக்கவில்லை.