செவ்வந்தி முதல் வகுப்புக்குத் தேறினாள்

செவ்வந்தி இறந்த பிறகும் ஆஸ்பத்திரியில் அவளுடைய இதய நோய்க்கு வகுப்பு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவள் கணவன் முத்தரசனுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. அவள் இருந்தவரையிலும் இப்படித்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியபோது இரண்டாம் வகுப்பு. குளியலறைக்கு நடந்தாலே வாங்கியபோது மூன்று. சும்மா படுத்திருக்கும்போதே வாங்கியதும் நான்கு.

அன்று காலை இதயப் பிரிவிலிருந்து நர்ஸ் போன் செய்தாள்.

"சார், உங்க வீட்டம்மா முதல் வகுப்புக்கு வந்துட்டாங்க. தலையணையெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

"எப்படி?"

"படி ஏறுறாங்க, இறங்குறாங்க. மூச்சே வாங்கல."

அது அவனுக்கு நியாயமாகவே பட்டது. அவள் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளச் செருப்பை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டான். வீட்டு மாடிப்படியும் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தது. கண்டக்டர் அதை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்.

டாக்டர் ஹபீபா நடைபாதையில் மேஜை போட்டிருந்தார். அவன் நெருங்க நெருங்க மேஜை சற்று நகர்ந்தது.

"ராத்திரி எத்தனை தலையணை?" என்றார். யாரிடமும் அவருடைய முதல் கேள்வி அதுதான். இதயம் தளர்ந்தவர்களுக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்.

"மூணு வச்சுச் சாஞ்சுதான் தூங்குவா."

"இப்ப ஒண்ணுகூட இல்லாமப் படுக்குறாங்க. நல்ல முன்னேற்றம்." மூன்று தலையணைகளையும் அவன் கையில் கொடுத்தார்.

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

"நான் சொன்னது வகுப்பு. அது ஏறும், இறங்கும். நோயோட கட்டம் வேற."

நடைபாதையில் கட்டத்துக்கு ஒன்றாக, வரிசையாக நான்கு கதவுகள் இருந்தன. ஏ, பி, சி, டி. எதற்கும் உள்பக்கம் கைப்பிடி இல்லை.

"கட்டம் முன்னாடி மட்டும்தான் போகும். தேறினாலும் திரும்பாது. அவங்க டி-க்குள்ள போயாச்சு."

"ஒரு கட்டம் மட்டும் பின்னாடி விடுங்க டாக்டர். சி போதும். சி-யில மூணு தலையணையோட நல்லாத்தான் இருந்தோம்."

"கைப்பிடி இல்லையே."

"தச்சரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"தச்சர் டி-யில இருக்கார்."

முத்தரசன் ஏ கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தான். கால் உள்ளே போயிருந்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

"இப்ப நீங்க ஏ," என்று வெளியிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாதவங்கதான் ஏ. இனி நோய் வரலாம், அவ்வளவுதான்."

அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இன்னும் மூன்று கதவு. அவனுடைய இதயம் நன்றாக இருந்தது. ஓடினால் ஒரே மூச்சு. பி கதவில் கை வைத்தான். தூரத்தில் யாரோ படி ஏறி இறங்கும் கொலுசுச் சத்தம் கேட்டது.

"செவ்வந்தி."

"ஏங்க, நீங்களா? சாப்பிட்டீங்களா?"

"இரு, ஓடி வரேன்."

"ஓடாதீங்க. இங்க எனக்கு உப்புப் போட்ட சாம்பார் தர்றாங்க."

"நல்லா இருக்கா?"

"கொஞ்சம் தூக்கல்."

"நீ இல்லாம வீட்டுல படுக்க முடியல."

"அதுக்கு? மூணு தலையணையும் இப்ப உங்ககிட்டதானே இருக்கு." கொலுசு ஒரு படி ஏறியது. "எத்தனை நாளா ஆசை தெரியுமா, இப்படி ஏறி இறங்கணும்னு. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். நீங்க ஒவ்வொரு கதவுலயும் உக்காந்து உக்காந்து வாங்க. நரைச்சுட்டு வாங்க."

"அப்புறம் அடையாளம் தெரியுமா உனக்கு?"

"தலையணையோட ஒரு கிழவன் வந்தா தெரியாதா?"

கதவு குளிர்ந்திருந்தது. பிறகு கையை எடுத்தான்.

வீட்டு மாடிப்படி நடந்தே வந்து அவனுக்குப் பின்னால் நின்றது. மேலே அவன் வீட்டு வாசல் தெரிந்தது. செருப்புப் பையைப் பி கதவோரம் வைத்தான். தலையணைகளை அணைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினான். பாதிப் படியில் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"மெதுவா," என்றாள் செவ்வந்தி.